எபேசு போய் வந்தவர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

நெல்லைக்காரன்

துருக்கியில் ஏழு சபைகள் டூர் (வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு ஊர்கள்) போனவர்களுக்கு எபேசு நாள் எப்படி ஓடும் என்று தெரியும். காலையில் மலைமேல் மாதா வாழ்ந்ததாகச் சொல்கிற வீடு, அப்புறம் பழைய நகரத்து இடிபாடுகளின் மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள், சாப்பாடு, யோவான் கோவில், ஒற்றைத் தூண். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கீழ் வாசல் கடைகளில் நடந்தது.

எங்கள் குழுவில் எல்லாருமே சி.எஸ்.ஐ. எழுபதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் தனியாக வந்திருந்தார். அவருடைய பக்கத்து வீட்டம்மா ஆர்.சி. "மாதா வீட்டுக்குப் போறீங்கள்லா, எனக்கு ஒரு சுரூபம் வாங்கிட்டு வாங்க" என்று பணமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மலையில் இருந்த கூட்டத்தில் வாங்க முடியவில்லை. அதனால் கீழே, 'அசல் போலிக் கடிகாரம்' என்று பலகை மாட்டியிருந்த கடைக்குப் பக்கத்தில், கையகலத்துக்கு ஒரு வெள்ளைச் சிலை வாங்கினார். தலையில் கிரீடம், இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, மார்பு முழுக்க முத்து முத்தாக ஏதோ. ஜெபமாலை என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்சில் எங்கள் ஐயர் (சபைப் போதகர்) அதை வாங்கிப் பார்த்தார். "பெரியம்மா, இது மாதா இல்ல, தியானாள்!" அவ்வளவுதான். பின் சீட்டிலிருந்து ஒருவர் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கத்த, பஸ் முழுக்கக் கோரஸ். பவுலின் பிரசங்கத்தை எதிர்த்து எபேசு ஜனங்கள் தங்கள் தேவிக்காகக் கத்தியதாக அப்போஸ்தலர் 19-ல் வருவது, அரைமணி நேரத்துக்கு முன் அவர்கள் கூடிய அரங்கசாலையில் நாங்கள் விளையாட்டாகக் கத்திப் பார்த்த அதே வசனம். நானும் கத்தினேன், நன்றாகவே கத்தினேன். பெரியம்மா சிரித்த மாதிரி இருந்தது. சிலையை எதிர் சீட்டின் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைடு காலையிலிருந்து "ஆர்ட்டெமிஸ், ஆர்ட்டெமிஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நம் வேதாகமத்தில் அவள் பெயர் தியானாள். இரண்டும் ஒன்று என்று அந்தப் பெரியம்மாவுக்கு யார் சொன்னது?

வேத வாத்தியார்

தம்பி, கத்தியது தப்புதான். ஆனால் உங்கள் குழுவாவது சரியான வசனத்தைக் கத்தியது. எங்களை அழைத்துப் போனவர் அரங்கத்தின் நடுவில் நிறுத்தி, "பவுல் நின்று பிரசங்கித்த இடம் இதுதான்" என்றார். எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்போஸ்தலர் 19:30-ஐத் திறந்து காட்டினேன். கூட்டத்துக்குள் போக அவருக்கு மனது இருந்தது, சீஷர்கள் விடவில்லை. அடுத்த வசனத்தில் அதிகாரிகளில் சிலரும் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பவுலோடு வந்த காயுவும் அரிஸ்தர்க்குவும். அன்று ராத்திரிச் சாப்பாடு வரை என்னிடம் யாரும் பேசவில்லை.

செல்சுஸ் நூலகத்துக்கும் இதே கதைதான். அந்த முகப்பைப் பார்த்து "பவுல் இங்கே படித்திருப்பார்" என்று ஒருவர் உருகினார். கட்டியதே பவுல் காலத்துக்குப் பிறகு, இரண்டாம் நூற்றாண்டில். நாம் பார்க்கும் முகப்பு 1970-களில் உடைந்த துண்டுகளை எடுத்து மறுபடி நிறுத்தியது. பவுல் தினமும் பேசிய இடம் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலை, அது எங்கே இருந்தது என்று காட்ட ஆளில்லை. மாதா வீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, திறந்தால் சண்டை வரும்.

வைகைக்கரை

வாத்தியார் ஐயா, திறக்கவில்லை என்று சொல்லியே திறந்துவிட்டீர்கள். சரி, நானே சொல்கிறேன். எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி அந்த ஊருக்குப் போகாமலே காட்சியில் கண்டு சொன்னதை வைத்து 1891-ல் கண்டுபிடித்த வீடு அது. மாதா அங்கேதான் வாழ்ந்தார் என்று எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையே இன்றுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் 1967-ல் ஆறாம் பவுல், 1979-ல் இரண்டாம் யோவான் பவுல் என்று பாப்பரசர்கள் வந்து ஜெபித்திருக்கிறார்கள். ஆதாரம் கேட்டுக்கொண்டா எல்லாரும் முழங்கால் போடுகிறோம்?

எனக்கு மறக்காதது வீட்டுக்குக் கீழே உள்ள சுவர். வேண்டுதல் எழுதிய காகிதமும் துணியுமாக, கல்லே தெரியாத அளவுக்குக் கட்டியிருப்பார்கள். கட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பையைத் துழாவிக்கொண்டு நின்றேன். முக்காடு போட்ட துருக்கிப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், டிஷ்யூ பேப்பர் ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். அவளும் ஒன்று கட்டினாள். அவர்களுக்கும் அவர் மரியம். வேளாங்கண்ணியில் பக்கத்தில் யார் தொட்டில் கட்டுகிறார்கள் என்று நாம் பார்க்கிறோமா, அந்த மாதிரி இருந்தது. என்ன வேண்டினாள் என்று தெரியாது. என்னுடையதை எழுதமாட்டேன்.

நெல்லைக்காரரே, அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கடைசியில் என்னதான் போய்ச் சேர்ந்தது?

துபாய்த் தம்பி

என் கதை இரண்டு வரி. நூலகத்துக்கு இறங்கும் குரேட்டஸ் தெருவில் அப்பா வழுக்கி விழுந்தார், முழங்கை வீங்கிவிட்டது. நூலகத்தைப் பார்க்காமலே ஒரு தூண் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். நாங்களும் போனோம். போயிருக்கக் கூடாது.

ஆகவே போகிறவர்கள் கவனியுங்கள். அந்தப் பளிங்குக்கல் நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு வழவழப்பாகிவிட்டது. காய்ந்து கிடந்தாலே வழுக்கும், மழை என்றால் கேட்கவே வேண்டாம். வேட்டி புடவைக்குச் சரிவராது என்று செருப்போடு வராதீர்கள், ரப்பர் அடி ஷூ போடுங்கள். வயதானவர்கள் இருந்தால் மேல் வாசலில் தொடங்குவதுதான் சரி, முழுக்க இறக்கம். உள்ளே நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கழிவறை வேலையை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் கல் கழிவறை ரோமர்களுடையது, படம் எடுக்க மட்டும். ரோமர் காலத்து மாடிவீடுகளைப் பார்க்கத் தனி டிக்கெட், படி ஏற முடிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். பூனைகளுக்குப் பிஸ்கட் போட்டால் கடைசி வரை கூடவே வரும். கடைகளில் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேசுங்கள். முக்கியமாக, பக்கத்துச் செல்சுக் ஊரிலுள்ள மியூசியத்தை விட்டுவிடாதீர்கள். 1956-ல் தோண்டி எடுத்த ஆர்ட்டெமிஸ் சிலைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பெரியம்மாவைக் கடைக்கு முன்னால் அங்கே கூட்டிப்போயிருந்தால் அவரே அடையாளம் கண்டிருப்பார்.

வேத வாத்தியார்

மியூசியத்துச் சிலைகளிலும் மார்பு முழுக்கத் தொங்குவது என்ன என்று அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள். மார்பா, முட்டையா, காளையின் விதையா என்று முடிவில்லை. பெரியம்மா ஜெபமாலை என்றதில் பெரிய தப்பில்லை.

கடைசி சீட்

ஒற்றைத் தூண் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எங்கள் பஸ் ஐந்து நிமிடம்தான் நின்றது, இறங்கியது நான் மட்டும். பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக இருந்த, அதே தியானாளின் கோவில். இப்போது ஒரு பள்ளம், கொஞ்சம் தண்ணீர், நாணல், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரு தூண். உச்சியில் நாரை கூடு கட்டியிருந்தது. அது அலகைப் படபடவென்று தட்டுகிற சத்தம் பஸ் வரைக்கும் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார், நாரை தட்டியது, அவர் மறுபடி அடித்தார். கோவிலைப் பற்றி எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

நெல்லைக்காரன்

வைகைக்கரை அக்கா கேட்டதற்குப் பதில். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மா விமான நிலையத்தில் ஒரு சாக்லேட் டப்பா வாங்கியதைப் பார்த்தேன், அது யாருக்கோ.

வாத்தியாரே, தெமேத்திரியு என்ற தட்டான் வெள்ளியில் சின்னச் சின்னக் கோவில் செய்து விற்றான் என்று அந்த அதிகாரத்தில் வருகிறதே, அந்தத் தொழில் இன்னும் அந்த வாசலில்தான் நடக்கிறது. அதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டார். ஐயர் அரங்கசாலையில் இருபது நிமிடம் பிரசங்கம் செய்தார், அதில் இது இல்லை.

சிலையைப் பெரியம்மா பஸ்சிலேயே விட்டுவிட்டு இறங்கினார். சீட் பையிலிருந்து எடுத்தது நான்தான். தியானாளை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்று மனைவி கேட்டாள். பீரோவில் பழைய பேண்டுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். பெரியம்மா வீட்டுக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். கொண்டுபோகவில்லை. கொண்டுபோய் என்ன சொல்லிக் கொடுப்பது?