டையோடு காட்டுவது உங்கள் கற்றையைத்தானா? அளந்தவர்கள் சொல்லுங்கள்

மென்படலம்:
13.5 நானோமீட்டர் அதீதப் புற ஊதாக் கற்றையின் ஆற்றலை அளப்பது காகிதத்தில் சுலபம். ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 92 எலக்ட்ரான் வோல்ட். ஒளியை மின்னோட்டமாக்கும் சிலிக்கான் டையோடில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 3.6 செலவாகும். ஆக, ஒரு ஃபோட்டானுக்கு 25 எலக்ட்ரான். மின்னோட்டத்தைப் பார்த்து வகுத்தால் கணக்கு முடிந்தது. ஆனால் சிலிக்கானுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும்கூடப் பிடிக்குமே! எங்கள் ஒளி மூலம், லேசரால் சுட்டு உண்டாக்கும் பிளாஸ்மா. டையோடுக்கு முன்னால், அந்த வேண்டாத ஒளியைத் தடுக்கச் சிர்கோனியம் படலம். அளவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. சந்தேகப்பட்டு, குறுக்கே சாதாரணக் கண்ணாடித் தகட்டை நுழைத்தோம். கண்ணாடி 13.5-ஐ முழுக்க விழுங்கிவிடும், லேசர் சிதறலை விட்டுவிடும். டையோடு சுழிக்கு இறங்கவே இல்லை. படலத்தில் ஊசித்துளை!

ஹார்மோனிக்வாசி:
அதனால்தான் நாங்கள் எப்போதும் இரண்டு அலுமினியப் படலங்களை அடுத்தடுத்து வைக்கிறோம். துளைக்கு நேரே துளை அமைவது அபூர்வம். இன்னொரு லாபமும் உண்டு: இரண்டாவதை உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பார்த்தால் அதன் உண்மையான கடத்துதிறன் கிடைக்கும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடால் அது பட்டியல் மதிப்பைவிடக் குறைவாகவே இருக்கும். 17.1 நானோமீட்டருக்குக் கீழே அலுமினியம் சட்டென்று கதவடைக்கும். நிறமாலையில் தெரியும் அந்த விளிம்பை வைத்தே எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அலைநீள அளவைச் சரிபார்க்கிறோம்.

கருந்தகடு:
நான் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் (முடுக்கிய எலக்ட்ரான்களிலிருந்து ஒளி எடுக்கும் கருவி) பக்கம். அங்கே ஒவ்வொரு துடிப்பும் வேறு வேறு ஆற்றலில் வரும், சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஹாம்பர்க்கின் ஃப்ளாஷ் போன்ற லேசர் நிலையங்களில் கற்றை போகும் வழியிலேயே மெல்லிய வாயுவை விட்டு, அயனியாகும் அளவைக் கொண்டு துடிப்புக்குத் துடிப்பு அளக்கிறார்கள். கற்றைக்குச் சேதமில்லை.

குவியப் புள்ளியின் அளவுதான் உண்மையான தலைவலி. ஒளிரும் படிகத் திரையை வைத்தால் நடுப்பகுதி தெவிட்டிப்போய், புள்ளி இருப்பதைவிட அகலமாகத் தெரியும். ஆகவே அக்ரிலிக் தகட்டில் ஒவ்வொரு துடிப்பாகச் சுட்டுப் பள்ளங்களை நுண்ணோக்கியில் அளந்தோம். பள்ளத்தின் பரப்பை ஆற்றலின் மடக்கைக்கு எதிரே வரைந்தால், காஸியன் கற்றைக்கு (நடுவில் செறிந்து, ஓரத்தை நோக்கி மணிவடிவில் மங்குவது) நேர்கோடு வர வேண்டும். எங்களுடையது வளைந்தது. கற்றையைச் சுற்றி அகலமான மங்கல் ஒளிவட்டம் இருந்திருக்கிறது. டையோடு அதையும் சேர்த்தே கூட்டிக் காட்டியது.

மென்படலம்:
அப்படியானால் ஊசித்துளை இல்லாவிட்டாலும் குவியத்தின் செறிவை மிகையாகத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்த முறை அக்ரிலிக் தகடும் உள்ளே போகிறது. எவ்வளவு தடிமன் எடுத்தீர்கள்?