கடைசி ரன், கடைசி விக்கெட்: டெஸ்ட் தொடர் முடிந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கணக்கு வாத்தியார்

2021 ஜனவரி 19, ஆஸ்திரேலியாவின் காபா மைதானம். மேட்ச்சை நான் விவரிக்கப் போவதில்லை, இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். என் சங்கடம் வேறு.

பத்து மாதம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அன்றைக்குத்தான் திறந்தார்கள். நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டி, கையில் சானிடைசர் ஊற்றி, பிள்ளைகளை உள்ளே விட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட் எனக்கு, பத்தாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒருவன் மடியைப் பார்த்துக் கொண்டே இருந்தான். போய்ப் பார்த்தால் போன். ரிஷப் பந்த் ஆடிக் கொண்டிருக்கிறார். இன்னும் பத்துச் சொச்சம் ரன் வேண்டும்.

பிடுங்கிவிட்டேன். விதி விதிதானே. பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்று ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு போனேன். போன் அணையவில்லை, மேட்ச் ஓடிக் கொண்டே இருந்தது. உட்கார்ந்தேன். ஹேசல்வுட் போட்ட பந்தை பந்த் நேராக அடித்தார். பந்து நத்தை மாதிரி எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறது, காயம்பட்ட சைனி நொண்டிக் கொண்டே ஓடுகிறார், நான் மாஸ்க்கைக் கழற்றி வீசிவிட்டுக் கத்துகிறேன். 328 துரத்தி ஜெயித்தாயிற்று, தொடர் 2-1. நிமிர்ந்தால் வாசலில் அந்தப் பையன்.

"சார், ஜெயிச்சிட்டோமா?"

அவன் போன். அவன் பார்க்க வேண்டிய பந்து. "போய்ச் சாப்பிடு" என்று சொல்லி போனைக் கொடுத்தனுப்பினேன். அவன் முகம் இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.


தூணுக்குப் பின்னால்

சேப்பாக்கம், 2001 மார்ச் 22. ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி, தொடர் 1-1, கடைசி டெஸ்ட், கடைசி நாள், 155 வேண்டும். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தேன். கிடைத்தது தூண் மறைக்கிற இடம். 76 வரை ஒரே ஒரு விக்கெட்தான். அங்கே நம்ம சடகோபன் ரமேஷ் ரன் அவுட். அப்புறம் சச்சின், கங்குலி, டிராவிட் என்று சரிந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர், அறுபது வயது இருக்கும், வேட்டி சட்டை. 135-இல் லக்ஷ்மண் அடித்ததை மார்க் வா ஒரு கேட்ச் பிடித்தாரே, அதில் லக்ஷ்மணும் போனார். அதே 135-இல் பஹுதுலேயும் போனதும் பெரியவர் எழுந்தார். "நான் பார்த்தாத்தான்பா விழுது" என்று சொல்லி, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் தூணைப் பார்த்து நின்றுவிட்டார். "நீ சொல்லு. அவுட்டானா மட்டும் சொல்லாதே."

சொன்னேன். திகே ஒன்று, ஜாகீர் தடுத்தார், திகே இரண்டு. 151-இல் ஜாகீர் அவுட். சொல்லவில்லை. கூட்டம் விட்ட மூச்சிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கேட்கவில்லை. ஹர்பஜன் வருகிறார். மெக்ராத் ஓடி வருகிறார். பாயின்ட் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ஓடினார்கள். முடிந்தது!

பெஞ்சு மேல் ஏறி ஆடினேன். யார் யாரையோ கட்டிப் பிடித்தேன். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் பெரியவர் இன்னும் தூணைப் பார்த்தபடியே நிற்கிறார். ஊரே கத்துகிறது, அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன்.

"திரும்பட்டுமா தம்பி?"

கண்ணெல்லாம் தண்ணீர். திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "கடைசி ரன் எந்தப் பக்கம் அடிச்சான்?" விரலை நீட்டிக் காட்டினேன். யாருமே இல்லாத அந்தப் புல்லை வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.


ஞாயிற்றுக்கிழமைக்காரன்

சேப்பாக்கம் என்று வந்துவிட்டால் 1999தான் சார். ஜனவரி 31. சச்சின் 136, முதுகு வலியோடு. அவர் போனபோது 17 ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில். நாலே ரன்னில் எல்லாம் முடிந்தது, 12 ரன்னில் தோல்வி.

எனக்குப் பதினொரு வயது. அழுது கொண்டிருந்தேன். வாசிம் அக்ரமின் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உலகமே புகழ்ந்த கைதட்டல் அது. நான் தட்டவில்லை. அப்பா குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, தாமே சேர்த்துச் சேர்த்துத் தட்ட வைத்தார். வலித்தது. இன்றைக்கும் யாராவது சென்னை ரசிகர்களின் பெருந்தன்மை என்று பேசினால், எனக்கு உள்ளங்கைதான் ஞாபகம் வரும். அப்பா செய்தது சரியா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.


ரூல் புக்

ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு: திரியின் தலைப்பு "தொடர் முடிந்த நேரம்". 1999 சென்னை, இரண்டு டெஸ்ட் கொண்ட தொடரின் முதல் டெஸ்ட். தொடர் முடிந்தது பிப்ரவரி 7, டெல்லியில். கும்ப்ளே 74 ரன்னுக்கு பத்து விக்கெட் எடுத்து 1-1 ஆனது. அதே மாதம் கொல்கத்தாவில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டும் இதில் சேராது, அது ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப். யாராவது சேர்ப்பதற்கு முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

என் அனுபவம் சின்னது. 2025 லண்டன் ஓவல், இங்கிலாந்தோடு கடைசி டெஸ்ட், ஆகஸ்ட் 4. போனில் பார்த்துக் கொண்டிருந்தேன். சிராஜ் ஓடி வர ஆரம்பிக்கிறார், அதற்குள் கீழ் வீட்டில் "ஆ!" என்று ஓர் அலறல். அட்கின்சன் போல்டு என்று பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்து போனது. சண்டை போடத்தான் இறங்கிப் போனேன். கதவைத் திறந்தது எழுபது வயதுப் பாட்டி, தனியாக டிவி முன்னால். "இனிமே கீழ வந்துடுப்பா, என் டிவிதான் முந்தி வரும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இதிலிருந்து எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. ஆப்பில் வரும் படம் கேபிளைவிட அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். ஆகவே ஐந்தாம் நாளை ஆப்பில் பார்க்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் வாட்ஸாப்பை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், காதில் ஹெட்போன் மாட்டுங்கள். ஸ்கோர் மட்டும் வரும் இணையதளத்தைப் பக்கத்தில் திறந்து வைப்பது மகா பாவம், அது படத்தை முந்திவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக் கொண்டு உட்காருங்கள். மைதானத்துக்குப் போகிறவர்கள் தொப்பி எடுத்துப் போங்கள், காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். கடைசி நாள் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரா ஆகும் என்று நம்பி டீ நேரத்தில் கிளம்பிப் போய்விட்டு வாழ்நாள் முழுக்கப் புலம்புகிறவர்கள் எனக்கே மூன்று பேர் தெரியும். வாத்தியார் அவர்களுக்கு: பறிமுதல் செய்த போனை முதலில் அணைக்க வேண்டும். பையனின் பெயர், தேதி எழுதி உறையில் போட்டு, பெற்றோரை வரவழைத்துத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் செய்தது இரண்டு பக்கமும் தப்பு.


கணக்கு வாத்தியார்

ஐயா, நான் உறை கேட்கவில்லை.


தூணுக்குப் பின்னால்

ரூல் புக், அந்த 1999 கதையை இருக்க விடுங்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் 2001-இல் என்னைச் சுற்றி இருந்தார்கள்.


மாட்டுங்கா

ஜெயித்த கதையாகவே போகிறது. நான் மும்பை வான்கடே, 2024 நவம்பர் 3. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், ஞாயிறு. நியூசிலாந்து 3-0. அதற்கு முன் சொந்த மண்ணில் மூன்று டெஸ்ட் தொடரை இப்படி முழுசாக நாம் தோற்றதே கிடையாது. 147 எடுக்க முடியவில்லை. 29-க்கு ஐந்து. அப்புறம் பந்த் அடிக்க ஆரம்பித்து, ஒரு மணி நேரம் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்தது. பிறகு அந்த டிஆர்எஸ், அதாவது மூன்றாம் நடுவரின் மறுபரிசீலனை. பந்து மட்டையில் பட்டதா, இல்லை மட்டைதான் கால்காப்பில் பட்டதா, அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள். 64-இல் போனார். கடைசி விக்கெட் நம்ம சுந்தர், அஜாஸ் படேல் பந்தில் போல்டு. அஜாஸ் பம்பாயில் பிறந்தவர், இதே மைதானத்தில் 2021-இல் ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் எடுத்தவர். இதில் யாரைத் திட்டுவது?

எனக்கு முன் வரிசையில் ஒரு நியூசிலாந்துக் கணவன் மனைவி. மூன்று நாளும் அதே இடம். முதல் நாள் என் மனைவி கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டவர்கள். சுந்தர் ஸ்டம்ப் சாய்ந்ததும் ஸ்டேடியத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மா எழுந்திருக்கப் போனவர், அப்படியே உட்கார்ந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக் கொண்டார். தோள் குலுங்குகிறது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து "சாரி" என்றார்.

அவர்கள் நாட்டு கிரிக்கெட் சரித்திரத்திலேயே பெரிய நாள். கத்துங்கம்மா, பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு சர்ச்கேட் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் ஓர் இளைஞன் ரோகித் பெயர் போட்ட ஜெர்சியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக் கொண்டான். மனைவி வீடு வரை பேசவில்லை. மாட்டுங்காவில் இறங்கும்போதுதான், "அவங்களுக்கு ஒரு கங்கிராட்ஸ் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.


ஈஸ்ட்ஹாம்காரன்

ரூல் புக் படத்தில் பார்த்த பந்தை நான் ஓவலில் நேரில் பார்த்தேன். திங்கட்கிழமை, ஆபீஸில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இங்கிலாந்துக்கு 35 ரன், நமக்கு நாலு விக்கெட். ஒரு மணி நேர ஆட்டம்கூட இல்லை, ஆனால் அரங்கம் நிறைந்திருந்தது. ஓவர்டன் முதல் இரண்டு பந்தும் பவுண்டரி அடித்தபோது, பல்வலியே வந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் வோக்ஸ் வந்தார். முதல் நாள் தோள் விலகியவர். இடது கை ஸ்வெட்டருக்குள் கட்டு. எல்லாரும் எழுந்து நின்றோம், நானும்தான். அதுவரை நல்லவன். அப்புறம் ஓர் ஓவரின் கடைசிப் பந்து, அட்கின்சன் கோட்டைவிட்டதும், பேட்டில் படாமலே எடுக்கிற பை ரன்னுக்கு ஓடுகிறார்கள். விக்கெட் கீப்பர் ஜூரல் க்ளவுஸைக் கழற்றாமல் எறிகிறார், ஸ்டம்ப்பில் படவில்லை. நான் தலையில் அடித்துக் கொண்டு "அய்யோ!" என்று கத்தினேன். ஒற்றைக் கையோடு முகம் கோணிப் போய் ஓடி வருகிற ஒரு மனிதன் அவுட் ஆகவில்லையே என்று. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அய்யோவுக்கு என்ன மொழி வேண்டும்? என்னைப் பார்த்தார். அதற்கு முன்னால் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தவர்.

ஆறு ரன்னில் ஜெயித்தோம், 2-2. அவர்தான் முதலில் கை நீட்டினார். அந்தக் கை என் கையில் இருக்கும்போது மைதானத்தில் வோக்ஸ் நடந்து போவதைப் பார்த்துவிட்டேன். ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்கவில்லை.


ரூல் புக்

ஜூரல் க்ளவுஸைக் கழற்றாததற்குக் காரணம் கேப்டன் கில் தாமதமாகச் சொன்னது. சிராஜ் கில்லிடம் முன்கூட்டியே சொன்னார். இது பதிவாக வேண்டும்.


சேலத்துப் பேரன்

வாத்தியார் சொன்ன காபாவின் பின்கதை என்னிடம் இருக்கிறது. எங்களுக்குச் சின்னப்பம்பட்டிக்குப் பக்கத்து ஊர். கோப்பையை கேப்டன் ரஹானே எங்கள் பக்கத்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் கையில் கொடுத்தார் இல்லையா, அதற்கு இரண்டு நாள் கழித்து நடராஜன் ஊருக்கு வந்தார். வலைப்பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராகப் போனவர் மூன்று வடிவத்திலும் ஆடிவிட்டுத் திரும்புகிறார். குதிரை பூட்டிய சாரட்டு, மேளம், தேசியக் கொடி. என் பாட்டியையும் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருந்தேன். பாட்டிக்கு கிரிக்கெட்டில் சுத்தமாக ஒன்றும் தெரியாது.

சாரட்டைப் பார்த்ததும், "யாரு கண்ணு மாப்பிள்ளை? பொண்ணைக் காணமே?" என்றது. கல்யாணம் இல்லை பாட்டி, ஆஸ்திரேலியாவில் ஜெயித்துவிட்டு வருகிறார், இவர் அதற்கு முன்னால் ஐபிஎல் ஆட வெளிநாட்டில் இருக்கும்போதே இங்கே பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் கையில் தூக்கவில்லை என்று மேளத்துக்கு நடுவே காதில் கத்திச் சொன்னேன்.

பாட்டி என் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் போனது. சாரட்டுக்கு முன்னால் ஆடிக் கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"அட வழிய விடுங்கடா. புள்ளையப் பாக்கப் போறவன நடுரோட்டுல நிறுத்தி வெச்சிக்கிட்டு!"