தொழிற்சாலைக்கு நிறம் பூசியபோது நடந்தது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்புக்கம்பி
தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான சாட்டிஸ்ஃபேக்டரியில், கட்டிடங்களுக்கு நிறம் பூசும் கலர் கன் இருந்த நாட்களில் விளையாடியவர்களுக்கு ஸ்லாட் விவகாரம் தெரிந்திருக்கும். ஸ்லாட் என்றால் ஒரு நிறத்தைச் சேமித்து வைக்கும் பொது இடம். ஒரு ஸ்லாட்டின் நிறத்தை யார் மாற்றினாலும், அந்த ஸ்லாட்டில் பூசிய எல்லாமே மாறிவிடும். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து கட்டிய உலகம் அது. இரும்புக்குச் சாம்பல், செம்புக்கு ஆரஞ்சு என்று பிரித்து வைத்திருந்தேன். ஒரு ராத்திரி உயரத்தில் நின்று மின்கம்பி இழுத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணெதிரே செம்பு வரிசை முழுவதும் சட்டென்று ரோஸ் ஆனது. தாது உருக்கும் ஸ்மெல்ட்டர், பாகம் செய்யும் கன்ஸ்ட்ரக்டர், எந்த இயந்திரமும் பாக்கியில்லை. "நல்லா இருக்குல்ல?" என்று ஹெட்செட்டில் அவர் குரல். தான் கட்டிய ஒரே ஒரு கட்டிடத்துக்கு நிறம் தேடியிருக்கிறார், அவ்வளவுதான். 2021இல் விளையாட்டின் அப்டேட் 5 வந்து, கட்டிடத்துக்குத் தனி நிறம் கொடுக்க முடிந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் உறுத்துகிறது. நல்லாத்தான் இருந்தது. எனக்கு வழி காட்டிய நிறம் அவருக்கு அழகு. இரண்டில் எதற்கு முதலிடம்?

பூப்பறிப்பவர்
அந்தக் கலர் கன் நாட்களில் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால், விளையாட்டுக்குள் பூவிதழ் பறித்து அதில் போடும் கார்ட்ரிட்ஜ் செய்ய வேண்டும். எனக்கு மனதில் நிற்பது அந்த அலைச்சல்தான். பூ தேடிப் போன ஒரு பள்ளத்தாக்கில் நின்று, அடுத்த ஆலை இங்கேதான் என்று முடிவு செய்தேன். அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. உழைப்பில்லாமல் கிடைக்கும் நிறத்தை யாரும் யோசித்துப் பூசுவதில்லை என்பது என் கருத்து.

தண்டவாளம்
செம்புக்கம்பி, உங்கள் சாம்பல், ஆரஞ்சு பரவாயில்லை. நான் மாட்டிக்கொண்டது சிவப்பு, பச்சையில். இதே வகை விளையாட்டான ஃபேக்டோரியோவில், பலர் சேர்ந்து ஆடும் சர்வர் ஒன்றில் இரும்பு ஏற்றும் ரயிலுக்குச் சிவப்பு எஞ்சின், செம்பு ஏற்றும் ரயிலுக்குப் பச்சை என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே மண் நிறம். "கண்ணு தெரியலையா?" என்று சாட்டில் ஒருவர் கேட்டார். ஆமாம், தெரியவில்லை என்று எழுதினேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் உள்ளே வந்தால் பச்சை எஞ்சின்கள் எல்லாம் நீலமாக இருந்தன. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஸ்டேஷன் பெயர்களில் தாதுவின் ஐகானும் சேர்ந்திருந்தது. அது யாரென்று இன்றுவரை தெரியாது. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. சர்வரில் நான் மட்டும் அப்படி இருந்திருக்க வாய்ப்பில்லை. நிறத்தை மட்டும் நம்பி எதையும் பிரிக்காதீர்கள், கூடவே ஐகான் வையுங்கள்.

கியர்பெட்டி
பூப்பறிப்பவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. வெளிவராத விளையாட்டு ஒன்றைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கொடுத்த நேரம் முழுவதும் தரைக்கும், பொருட்களை நகர்த்தும் பெல்ட்டுக்கும் வண்ணம் பூசினார். எவ்வளவு கவனம் தெரியுமா! வளைவுகளில் அடர் நீலம் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். கடைசியில் பெல்ட்டை அடுத்த நிலைக்கு அப்கிரேட் செய்தார். எல்லாம் பழையபடி விளையாட்டு கொடுத்த ஆரம்ப நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் விளையாடவில்லை. அவர் உழைக்கவில்லை என்கிறீர்களா?

மாஸ்க்_லேயர்
கியர்பெட்டி எழுதியதைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. இப்படி ஒரு விளையாட்டில் வண்ண வசதி சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் சோதனையிலும் ஒருவர் இயந்திரம் எதுவும் வைக்காமல் சுவர் மட்டும் பூசினார், முகமெல்லாம் சிரிப்பு. என் கதை இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

நிறம் கட்டிடத்தின் சொத்து. அப்கிரேட், காப்பி பேஸ்ட், ப்ளூபிரிண்ட் (சேமித்து மீண்டும் கட்டும் வரைபடம்) மூன்றிலும் அது கூடவே போக வேண்டும். பொது ஸ்லாட்டும் தேவை, தனி நிறமும் தேவை. ஆயிரம் கட்டிடங்களை ஒரே அடியில் மாற்ற நினைப்பவருக்கு ஸ்லாட் வரம், ஒரு சுவரை மாற்ற நினைப்பவருக்கு அதுவே தொல்லை. அப்புறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மெட்டீரியல், அதாவது மேற்பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு, உருவாக்காதீர்கள். ஒரே மாதிரி இயந்திரங்களைக் கூட்டாக வரையும் வசதி உடைந்து, பெரிய தொழிற்சாலையில் விளையாட்டு திணறும். எந்தப் பகுதி நிறம் மாறும் என்பதை மாஸ்க் டெக்ஸ்சர் என்ற படத்தில் குறித்துவிட்டு, நிறத்தை அந்தந்த இயந்திரத்தின் தரவாக, திரையில் நிறத்தைக் கணக்கிடும் நிரலான ஷேடருக்கு அனுப்பினால் போதும். இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: மின்சாரம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது என்று காட்டும் நிலை விளக்கை யாரும் பூச முடியாதபடி வையுங்கள். மேலே அவர்கள் என்ன வேண்டுமானாலும் வரையட்டும், இயந்திரம் தன் நிலையைச் சொல்லும் இடம் அதற்கே இருக்கட்டும். பேலட்டில் நிறம் தேர்ந்தெடுக்கும்போதே விளையாட்டின் பகல், இரவு வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். பெட்டியில் பார்த்த மஞ்சள் வெயிலில் வெளிறிப்போனால் பூசியவர் நம்பிக்கை இழப்பார்.

தண்டவாளம்
நிலை விளக்கும் பச்சை, சிவப்பு என்று இருந்தால் எனக்குப் பயனில்லை. வடிவமும் மாற வேண்டும்.

மாஸ்க்_லேயர்
சரி. அதைக் குறித்துக்கொண்டேன்.

கோளவாசி
டைசன் ஸ்ஃபியர் ப்ரோகிராம் விளையாட்டில், மின்சாரத்துக்காக நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டும் கோளத்தின் சட்டகங்களுக்கும் ஓடுகளுக்கும் நிறம் பூசலாம். உற்பத்திக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. ஆனாலும் அதற்கென்றே இரவுகளைக் கொடுத்தேன். என் தம்பி வந்து பார்த்தான், எத்தனை மெகாவாட் என்று கேட்கவில்லை, "இது நீ பண்ணதுதானேண்ணா?" என்றான். அவன் பல பேருடைய கோளங்களைப் பார்த்தவன். பெயரைப் பார்க்காமலே கண்டுபிடித்தான்.

பூப்பறிப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். விலை வைத்தே தீர வேண்டுமென்றால் உலோகப் பூச்சு, விசேஷ வடிவங்கள் போன்றவற்றுக்கு வைக்கட்டும். சாதாரண நிறங்கள் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் முதல் பெல்ட்டை வைக்கும்போதே தன் நிறத்தில் வைக்கட்டும்.