மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை: பிஸ்டனை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி:
டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) உயர்த்தி ஓட்டியபோது திடீரென வலுவிழந்து நீலப்புகை கக்கியது. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே உருவாகும் அழுத்தம்) ஏறக்குறைய இல்லை; மற்றவை சீராக உள்ளன. வடித்த ஆயிலில் மினுமினுக்கும் துகள்கள் தெரிகின்றன. பிஸ்டனை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
என்ஜினைப் பிரிக்கும்முன் லீக்டவுன் சோதனை (காற்றுக் கசிவுச் சோதனை) செய்யுங்கள். வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்தும்போது, ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) அல்லது பிஸ்டன், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கும். நீலப்புகையைப் பார்த்தால், ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகளோ, நுண்ணிய அலுமினிய மணிகளோ ஒட்டியிருந்தால் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) நடந்ததற்கு அதுவே சாட்சி.

பதில் 2:
துகள்களைக் காந்தத்தில் சோதியுங்கள். ஒட்டாதவை அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தால் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் பிஸ்டனை மட்டும் மாற்றுவது வீண். கிராங்க்கை அளந்து, ஆயில் வழிகளைக் கழுவி, ஆயில் கூலரைப் புதிதாகவே போடுங்கள். அதன் உள்ளே தங்கும் துகள்களை முழுமையாகக் கழுவி எடுக்க முடியாது.

பதில் 3:
ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். பூஸ்ட் ஏறும்போது வெப்பத்தில் ரிங் விரிந்து முனைகள் முட்டினால், புதிய பிஸ்டனும் அதே இடத்தில் உடையும். 86 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட என்ஜினில், மேலே உள்ள முதல் ரிங்குக்குச் சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வழக்கம், ஆயினும் பிஸ்டன் தயாரிப்பாளர் தரும் அளவே இறுதியானது. எரிபொருள் குறைவாக வந்தாலும் நாக்கிங் வரும் என்பதால், மூன்றாம் சிலிண்டரின் இன்ஜெக்டரை (எரிபொருள் தெளிப்பானை) சோதிக்காமல் என்ஜினை மூடாதீர்கள்.