வாக்காஷியோ நாட்களில் சந்தித்த கடலோரக் காவல் அதிகாரிகள்: உங்கள் அனுபவம்?

மாயேபூர் மருமகள்:
நம் மொரிஷியஸ் கரையில் தரை தட்டி, கடலில் எண்ணெயைக் கசியவிட்ட வாக்காஷியோ கப்பலின் கதை தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் எங்கள் தெரு மொத்தமும் கரையில்தான். கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, எண்ணெயைத் தடுக்க நீள நீளமாக மிதவை தைத்தோம். 16ஆம் தேதி இந்தியக் கடலோரக் காவல்படையிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். கூடவே 30 டன் சாமான். அதில் ஒருவர், மூத்த அதிகாரி, என் நாத்தனார் தைத்த மிதவையை வாங்கி ஒரு தையலைப் பிரித்தார். உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "நடுவுல காஞ்சே இருக்கும்மா. கொஞ்சம் லேசா அடைங்க" என்றார். தமிழ்! நாத்தனாருக்கு எங்கள் தீவின் பேச்சுமொழி கிரியோல்தான் தெரியும். நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது அவர் அங்கே இருந்தாராம். வாளி வாளியாகக் கையால் அள்ளினார்களாம். இத்தனை வருஷ சர்வீஸில் துரத்திப் பிடித்த படகெல்லாம் மறந்துவிட்டது, அந்தச் சகதி மறக்கவில்லை என்றார். அப்புறம் கேட்டார்: "ஜூலை 25 தரை தட்டிச்சு. ஆகஸ்ட் 6தானே கசிய ஆரம்பிச்சது?" விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டில் நிறுத்தி, கப்பல் பக்கம் பார்த்தார். அதற்கு மேல் பேசவில்லை. அந்த விரல்கள் இன்னும் என்னை விடவில்லை.

பழைய மாலுமி:
சகோதரி, நல்ல பதிவு. ஆனால் படிப்பவர்கள் குழம்பக் கூடாது. அவர்கள் விருந்தாளிகள். நம் ஊர்க் கடலோரக் காவல்படை 1987இல் தொடங்கியது, போலீஸின் ஒரு பிரிவு. தலைமைக்கு இந்தியக் கடற்படை அதிகாரி டெபுடேஷனில் வருவார், சில வருஷத்தில் போய்விடுவார். 2015இல் நம் படைக்கு பர்ராகுடா என்ற ரோந்துக் கப்பல் வந்தபோது துறைமுகத்தில் அப்படி ஒரு அதிகாரியிடம் கை குலுக்கினேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள் கவனியுங்கள். இந்தியாவில் பட்டதாரி அசிஸ்டன்ட் கமாண்டன்டாக நுழைந்து, டெபுடி கமாண்டன்ட், கமாண்டன்ட், டிஐஜி, ஐஜி என்று ஏறலாம். இங்கே முதலில் போலீஸ் கான்ஸ்டபிள். அதனால் மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். இப்போதே நீச்சல் பழக்குங்கள். பவளப் பாறைக்கு வெளியே அலை எப்படி உடைகிறது என்று மீனவரோடு படகில் அனுப்பிக் காட்டுங்கள். குமட்டல் வந்தால் வரட்டும், பழகிவிடும். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் ரிப்போர்ட் எழுதப் பழக வேண்டும்.

பூத்ர் தோர் பையன்:
ஐயா, இங்கே யாரும் வேலை கேட்கவில்லையே. சகோதரி சொல்வது அந்தப் பன்னிரண்டு நாளை. அதை விட்டுவிட்டீர்கள்.

அதே ஆகஸ்ட் 31 இரவு, வாக்காஷியோ வேலையில் இருந்த சர் கயித்தான் துவால் என்ற இழுவைக் கப்பல் மூழ்கியது. எட்டுப் பேரில் நால்வர் பிழைத்தார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன, கேப்டன் கிடைக்கவே இல்லை. எங்கள் கரையில் நம் ஊர் அதிகாரி ஒருவரின் சட்டையைப் பிடித்து ஒரு அம்மா உலுக்கினார். அவர் அந்தக் கையை விலக்கவில்லை. "தேடிக்கிட்டுதான் இருக்கோம்" என்று கிரியோலில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் நெஞ்சில் எத்தனை பட்டை இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்படி நிற்க எந்த அகாடமியில் கற்றுத் தருகிறார்கள், அதைச் சொல்லுங்கள்.