தேனீத்திரளின் ‘கோரம்’: குறைவெண் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

குடிபிரிந்த தேனீத்திரள் புதுப் பொந்து தேடுவதைப் பற்றிய கட்டுரைகளில் ‘கோரம்’ (quorum, வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) என்ற சொல் அடிக்கடி வருகிறது. சட்டமன்ற வழக்கிலுள்ள ‘குறைவெண்’ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. அவையில் குறைவெண் இருந்தால்தான் கூட்டமே தொடங்கும், முடிவு பிறகுதான். தேனீக்களிடம் அந்த எண்ணிக்கை சேர்ந்தால் முடிவே எடுத்தாயிற்று.

ராணியைச் சுற்றி ஏறக்குறைய பத்தாயிரம் தேனீக்கள் கிளையில் கொத்தாகத் தொங்கும். சில நூறு வேவுத் தேனீக்கள் மட்டும் பொந்து தேடிப் போகும். இடம் எவ்வளவு நல்லதோ, திரும்பி வந்து அந்த இடத்தை மற்றவற்றுக்குக் காட்டும் வாலாட்டு நடனத்தை அவ்வளவு அதிகச் சுற்று ஆடும். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் சுற்று குறையும். அதனால் சுமாரான இடத்துக்கு ஆதரவு தானாக வற்றிவிடும். பொந்தின் வாசலிலும் உள்ளேயுமாக ஒரே நேரத்தில் 20, 30 வேவுத் தேனீக்கள் சேர்ந்துவிட்டால், அவை திரளுக்குத் திரும்பிக் ‘கீச்’சென்று குரல் கொடுத்து மற்றவற்றை உசுப்பும். எல்லாம் பறக்கும் தசையை 35° செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிக்கொண்டு கிளம்பும்.

தேனீ ஆய்வாளர்கள் தாமஸ் சீலியும் கிர்க் விஸ்ஷரும் அமெரிக்காவின் ஆப்பிள்டோர் தீவில் இதைச் சோதித்தார்கள். பொந்துபோல ஒரு பெட்டி வைப்பதற்குப் பதில் ஐந்தை அருகருகே வைத்தார்கள். நடனமெல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டியது. ஆனால் வேவுத் தேனீக்கள் ஐந்துக்கும் சிதறிப்போக, எந்த வாசலிலும் ஆள் சேரவில்லை, திரள் கிளம்பத் தாமதமானது. நடனமேடையில் கருத்து ஒன்றுபட்டது போதவில்லை, வாசலில் தலை எண்ணிக்கை வேண்டியிருந்தது.

என் பரிந்துரை: ‘நிறைவெண்’.

– அடையாறு

*

ஐயா, காரணம் சரி, சொல் சரியில்லை. கணக்கில் 6, 28 போன்ற ‘பெர்ஃபெக்ட் நம்பர்’களுக்கு ‘நிறைவெண்’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘துணிவெண்’ என்றால் என்ன? துணிதல் என்பதற்கு முடிவு செய்தல் என்பது பழைய பொருள்தானே.

அதே கட்டுரைகளில் ‘இன்சுலேஷன்’ வேறு வருகிறது. ‘வெப்பக்காப்பு’ என்றால் சென்னை வாசகருக்கு மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட்தான் நினைவுக்கு வரும், வெயிலை வெளியே நிறுத்துவது. குளிர்நாட்டுப் பொந்தில் உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் இருக்கவேண்டும். சொல்லை மாற்ற வேண்டாம், இரு திசைக்கும் அது பொருந்தும். அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘வெப்பக் கசிவு’ என்று போடுங்கள். தடித்த மரப்பொந்தைவிட மெல்லிய பலகைப் பெட்டியில் கசிவு 4 முதல் 7 மடங்கு என்பது தேனீக்கூட்டின் வெப்பத்தை ஆராயும் டெரெக் மிட்செலின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு. ‘காப்பு 4 மடங்கு குறைவு’ என்று எழுதினால் வாசகர் தடுக்கி விழுவார்.

இன்னொன்று. ‘தேனீ வெப்பக்காப்பை அளக்கிறது’ என்று நேராக எழுதிவிடாதீர்கள். சீலியின் தேர்வுச் சோதனைகளில் எடுபட்டவை பொந்தின் கொள்ளளவு (சுமார் 40 லிட்டர்), சிறிய வாசல் (12 சதுர செ.மீ. போல), தரையிலிருந்து உயரம், வாசல் பார்க்கும் திசை ஆகியவை. பொந்தின் வடிவமோ காற்று புகும் விரிசலோ பொருட்டாகவில்லை. விரிசலைப் பிசினால் அடைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் ஐரோப்பியத் தேனீயின் கணக்கு. நம் இந்தியத் தேனீ உருவத்தில் சிறியது, அதற்குச் சின்னப் பொந்தே போதும், பிசினும் சேர்ப்பதில்லை. அடுக்குமாடி சன்ஷேடில் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீயின் அடை. அதற்குப் பொந்தே வேண்டாம். அந்தப் படத்தை இந்தக் கட்டுரைக்குப் போட்டுவிடாதீர்கள்.

– மாதவரம்

*

‘துணிவெண்’ எனக்குச் சம்மதம். தைரியம் என்று படிப்பார்களோ என்ற தயக்கம் மட்டும் உண்டு, முதல் இடத்தில் விளக்கிவிட்டால் போகும். ‘குடும்பம்’ பெட்டியில் இருப்பதற்கு, ‘திரள்’ பிரிந்து தொங்குவதற்கு என்று பிரித்தே எழுதுகிறேன். சொற்றொடர் இப்படி வருகிறது, பாருங்கள்:

“வாசலில் துணிவெண் எட்டியதும் வேவுத் தேனீக்கள் திரளுக்குத் திரும்பிக் கீச்சிடும், நடனம் இன்னும் இரண்டு இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தாலும் திரள் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பியது சில நேரம் வானில் இரண்டாகப் பிரிந்து, மறுபடி கிளைக்கே வந்து அமரும்.”

– அடையாறு