எந்த நாளில் இருந்து எண்ணுவது?

கொக்குவிலான்:
நேற்றுப் பக்கத்துத் திரியில் ஸ்கார்பரோ தம்பி எழுதியிருக்கிறார், "கனடா மாதிரி 18 மாதம், 30 மாதம் என்று எல்லை போட்டால் இலங்கையிலும் வழக்குகள் முடியும், குற்றம் சாட்டிய நாளில் இருந்து எண்ணினால் போதும்" என்று. வாசித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. என் அண்ணனைப் பிடித்து 3 வருடம் 5 மாதம் கழித்துத்தான் குற்றப்பத்திரம் வந்தது. பிறகு மேல் நீதிமன்றத்தில் 19 மாதத்தில் குற்றமற்றவர் என்று விட்டார்கள். தம்பியின் 30 மாதக் கணக்கில் அது நேரத்துக்கே முடிந்த வழக்கு!

ஸ்கார்பரோ தம்பி:
அண்ணை, 2016 இல் ஜோர்டன் வழக்கில் கனடா உயர் நீதிமன்றம் சொன்னதைத்தான் எழுதினேன். கீழ் நீதிமன்றத்துக்கு 18, மேல் நீதிமன்றத்துக்கு 30. தாண்டினால் அரசுதான் காரணம் காட்டவேண்டும், இல்லையேல் வழக்கே நிற்கும். எண்ணுவது குற்றம் சாட்டிய நாளில் இருந்துதான். இங்கே கனடாவில் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும்.

கொக்குவிலான்:
அதைத்தானே சொல்கிறேன்! அங்கே பிடிப்பதற்கும் குற்றம் சாட்டுவதற்கும் இடையில் வருடங்கள் இல்லை. இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக்காவல் மட்டும் 18 மாதம், 2022 இல்தான் 12 ஆக்கினார்கள், அதுக்குப் பிறகு விளக்கமறியல். அம்மா ஒவ்வொரு தவணைக்கும் முதல்நாள் இரவே பஸ் ஏறுவா, சோற்றுப் பார்சலை மடியில் வைத்தபடி. விடிந்து போய் நின்றால் "கோப்பு வரவில்லை, அடுத்த தவணை" என்று ஒரு வரி. திகதியைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கைப்பைக்குள் வைப்பா. அந்தத் துண்டுகள் 40க்கு மேல் இன்னமும் வீட்டில் இருக்கின்றன. கைதான நாளில் இருந்து எண்ணும்!

சுன்னாகம் வாணி:
நம் அரசியலமைப்பின் 13(3) நியாயமான விசாரணை என்கிறதே தவிர காலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஐ.நா.வின் குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1980 இல் இலங்கை சேர்ந்தது. அதில் 9(3) கைதானவரைப் பற்றியது: நியாயமான காலத்துக்குள் விசாரணை, இல்லையேல் விடுதலை.

ஸ்கார்பரோ தம்பி:
தங்கச்சி, அதே உடன்படிக்கையின் 14(3) ஐயும் வாசியுங்கோ. அங்கே கைது என்று இல்லை, குற்றச்சாட்டு என்றுதான் இருக்கிறது. நான் சொன்னதுதான் சரி.

நல்லூரான்:
போன வருடம் காணித் திரியிலும் இவர் இப்படித்தான், கனடாச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார். குளிருக்குள் இருந்து எழுதுவது சுகம்.

ஸ்கார்பரோ தம்பி:
யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நானும் நின்றவன்தான். எனக்கு ஊர்க் கதை சொல்லவேண்டாம். காணித் திரியில் நீர்தான் பதில் இல்லாமல் ஓடினீர்.

நல்லூரான்:
ஓடவில்லை, கரண்ட் போனது.

கொக்குவிலான்:
காணியை விடுங்கோ. தம்பி, நீர் பாலத்தில் நின்றதை நான் மறுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும்: அந்த 3 வருடம் 5 மாதமும் எந்தக் கணக்கில்? அண்ணன் போகும்போது மகளுக்கு 2 வயது, வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், அவரைக் கண்டு அம்மம்மாவுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஸ்கார்பரோ தம்பி:
கவலைதான் அண்ணை. ஆனாலும் ஜோர்டன் தீர்ப்பில் குற்றம் சாட்டிய நாள்தான்.

கொக்குவிலான்:
கைதான நாள்!